ஜீன்ஸ் காலில் வடிந்த எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை காலை. வேன்காரன் வீட்டுப் பின்பக்கக் கொடியில் நான்கு ஜீன்ஸ் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. இடுப்பு இல்லை. கால்கள் மட்டும். ஒவ்வொன்றின் கீழ்முனையிலும் கயிறு போட்டு இறுக்கிய முடிச்சு. முடிச்சிலிருந்து பழைய சமையல் எண்ணெய் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

மாடிவீட்டு அம்மா துணி உலர்த்த வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, ஆளுங்க எங்க? காலை மட்டும் கழட்டி மாட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"சாயங்காலம் வந்து வாங்கிக்குவாங்கம்மா."

"வந்தா நொண்டிக்கிட்டுத்தானே வரணும்!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கால்கள் வந்த கதை எளிது. வேன்காரனின் மனைவி தையல்காரி. பழைய ஜீன்ஸை அரைக்கால் சட்டையாக்கித் தரச் சொல்லித் தெருவில் பாதிப் பேர் அவளிடம்தான் வருவார்கள். மேல்பாதி அவர்களுக்கு. கீழ்ப்பாதி இவனுக்கு. எண்ணெய் வடிகட்ட ஜீன்ஸ் துணிக்கு நிகரில்லை என்பது இவன் கட்சி.

எண்ணெய் வந்த கதை கொஞ்சம் நீளம். தெருமுனையில் உருளைக்கிழங்கு சிப்ஸ் கடை வைத்திருப்பவன் அவள் தம்பி. பிள்ளைகள் வைத்த பெயர் மொறுமொறு. அந்தப் பெயரே கடைக்கும் நிலைத்துவிட்டது. ஒரு காலத்தில் அவன் பொரித்து முடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தான். எண்ணெய் உறைந்து, சாக்கடை அடைத்து, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு அவன் கடை முன்னால் சண்டைக்கு நின்றது. அப்போது வேன்காரன்தான் காப்பாற்றினான்.

"ஊத்தாத மாப்ள. எனக்குக் குடு. என் வண்டிக்கு ஊத்திக்கிறேன்."

"மாமா, வண்டி சிப்ஸ் போடுமா?"

"நீ குடு."

வேன் மிகப் பழையது. கிளம்பும்போது மூன்று தடவை தும்மும். அதனால் அதற்குப் பெயர் தும்மல். பழைய டீசல் இன்ஜினுக்கு வாய் பெரிது, எதைக் கொடுத்தாலும் குடிக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தான். சொன்னதை அப்படியே செய்யாமல் பொறுமையாகச் செய்தான். எண்ணெயைக் கேனில் ஒரு வாரம் அசையாமல் வைப்பான். கசடு அடியில் தங்கும். மேலெண்ணெயை மட்டும் ஜீன்ஸ் காலுக்குள் ஊற்றுவான். வடிந்ததைப் பின்பக்கத்து அடுப்பில் சுட வைப்பான். தண்ணீர் இருந்தால் சட்டி சடசடவென்று சண்டை போடும். சண்டை ஓயும் வரை விடமாட்டான். ஆற வைத்து இன்னொரு தடவை வடிகட்டி, டீசலோடு கலந்து வண்டிக்கு ஊற்றுவான்.

கலப்பதற்கு முன் ஒரு பரீட்சை உண்டு. அது அவனே கண்டுபிடித்தது. எண்ணெயைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிச் செய்தித்தாளுக்கு முன்னால் பிடிப்பான். எழுத்து தெரிந்தால் எண்ணெய் பாஸ். தெரியாவிட்டால் மறுபடி ஜீன்ஸுக்குள்.

"பேப்பர் படிக்கிறதுக்கு வீட்டுல கண்ணாடி இருக்கு. எண்ணெய் வழியா படிக்கிற ஒரே ஆம்பளை நீங்கதான்" என்பாள் மனைவி.

சாக்கடை தெளிந்தது. தெரு வாழ்த்தியது. இன்னொரு நன்மையும் எதிர்பாராமல் வந்தது. தும்மல் போகிற வழியெல்லாம் புகையில் சிப்ஸ் வாசனை. வண்டி கடந்த கொஞ்ச நேரத்தில் தெருவுக்கே பசிக்கும். பசித்தவர்கள் மொறுமொறு கடைக்குப் போவார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

கெட்டது எங்கே தொடங்கியதென்றால், ஒரு தம்ளரில்.

அன்று மொறுமொறு காலிக் கேன் வாங்க வந்திருந்தான். வேன்காரன் தம்ளரை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் பொன்னாக மின்னியது.

"மாமா, இது எங்க கடை எண்ணெயா? சத்தியமா?"

"உன் கடைக் கருப்புதான். ஒரு வாரம் என்கிட்ட இருந்துச்சு. திருந்திடுச்சு."

"ஜெயிலுக்குப் போனவன்கூட இப்படித் திருந்த மாட்டான் மாமா." மொறுமொறு தம்ளரை வாங்கி முகர்ந்தான். திருப்பினான். குரலைத் தாழ்த்தினான். "ஒரு கேன் குடுங்களேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... கடைக்குத்தான்."

"டேய், இது வண்டிக்குடா."

"வண்டிக்கு எதுக்கு மாமா இவ்வளவு அழகு? அது என்ன கண்ணாலயா குடிக்குது? கடைக்கு வர்றவன் கண்ணால பாக்குறான். சட்டியில இது கிடந்தா புது எண்ணெய்னு சூடம் அடிச்சுச் சொல்லுவான்."

"வேணாம் மாப்ள. ஒரு தடவை காய்ஞ்சு கருத்தது."

"கருத்ததைத்தான் நீங்க வெளுத்துட்டீங்களே. நீங்க பண்றது வடிகட்டல் இல்ல மாமா. கலை. இந்த வித்தை தெரிஞ்ச ஆள் இந்த வட்டாரத்துலயே கிடையாது."

வேன்காரனை அதுவரை யாரும் வித்தைக்காரன் என்று சொன்னதில்லை. மனைவி சொன்னதெல்லாம் வேறு பெயர்கள். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உச்சி குளிர்ந்தவனுக்குக் கை தானாக நீளும். நீண்டது. நீல மூடி போட்ட ஒரு கேன் கை மாறியது.

"அக்காகிட்ட சொல்ல வேணாம் மாமா."

"ஏன்?"

"அவ கேள்வி கேப்பா."

கேள்விக்குப் பயப்படுகிறவனுக்குப் பதில் முன்பே தெரியும். இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஒரு கேன் வழக்கமானது. சிவப்பு மூடி போட்ட கேனில் கருப்பு எண்ணெய் வரும். நீல மூடி போட்ட கேனில் பொன்னெண்ணெய் போகும். போனது பொரிந்து மறுபடி சிவப்பு மூடியில் வரும். இவன் மறுபடி வடிகட்டுவான். செக்குமாடு போல ஒரே எண்ணெய் சுற்றிச் சுற்றி வந்தது. வண்டிக்கு மிஞ்சியது போகும்.

வேன்காரன் ஒன்றைக் கவனித்தான். எண்ணெய் முன்போல் இறங்கவில்லை. ஜீன்ஸ் கால் சீக்கிரம் அடைத்துக்கொண்டது. சொட்டு கொழகொழவென்று நூலாகத் தொங்கியது. ஆனால் தம்ளரில் எழுத்து தெரிந்தது. கொஞ்சம் சிவந்த எழுத்து. தெரிந்ததே, போதாதா?

"என்னங்க, வாரத்துக்கு நாலு கால் போதும்னீங்க. இப்ப எட்டுக் கால் கேக்குறீங்க. நான் என்ன எட்டுக்கால் பூச்சிக்கா தைக்கிறேன்?" என்றாள் மனைவி.

"ஜீன்ஸ் துணி முன்ன மாதிரி இல்ல. எல்லாம் மட்டம்."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தையல் மெஷினை மிதித்தாள்.

அந்த நேரத்தில்தான் மொறுமொறுவுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. வேன்காரன் மகள் படிக்கும் பள்ளியில் விளையாட்டு விழா. பள்ளி முழுவதுக்கும் சிப்ஸ் பொட்டலம். ஏற்றிக்கொண்டு போவது தும்மல். மகளுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க மாமா சிப்ஸ், எங்க அப்பா வண்டி" என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். மொறுமொறுவுக்கோ கனவு வேறு. விழா நன்றாக நடந்தால் பள்ளிக் கேன்டீனே தன் கைக்கு வரும் என்று விளையாட்டு வாத்தியார் வாயாலேயே கேட்டிருந்தான்.

விழா நாள். பொரித்ததெல்லாம் பொட்டலமாகிப் பெட்டியில் ஏறியது. மொறுமொறு புதுச் சட்டை போட்டு முன் சீட்டில் உட்கார்ந்தான். தும்மல் மூன்று தும்மியது. கிளம்பியது.

பாதி வழியில் நான்காவது தும்மல் வந்தது.

அது வழக்கத்தில் இல்லாதது. அதன்பின் ஓர் இருமல். பிறகு ஒரு பெருமூச்சு. வண்டி சாலையோரம் ஒதுங்கி நின்றுவிட்டது.

"என்ன மாமா, செத்துடுச்சா?"

"வாயைக் கழுவு. ஃபில்டர் அடைச்சிருக்கும்."

வேன்காரன் டீசல் ஃபில்டரைக் கழற்றினான். கழற்றினான் என்பது தவறு. பிய்த்தான். உள்ளே எண்ணெய் இல்லை. பிசின் இருந்தது. பழுப்பாக, பசையாக, விரலை வைத்தால் விடமாட்டேன் என்றது. மொறுமொறு உதவி செய்கிறேன் என்று கையை விட்டான். அவன் விரலும் ஒட்டியது. புதுச் சட்டையில் துடைத்தான். சட்டை விரலோடு வந்தது.

"போன் பண்ணு மாப்ள. அலமாரியில புது ஃபில்டர் இருக்கு. அக்காவைக் கொண்டு வரச் சொல்லு."

"எதால மாமா அமுக்குறது? பத்து விரலும் போச்சு."

கடைசியில் வேன்காரன் மூக்கால் போன் நம்பரை அமுக்கினான். இரண்டு தடவை தப்பான ஆளுக்குப் போனது. மூன்றாவது தடவை மனைவி எடுத்தாள்.

ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அவசரத்தில் கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. ஃபில்டரை நீட்டினாள். பழைய ஃபில்டரைக் குச்சியால் குத்திப் பார்த்தாள். குச்சி அதிலேயே நின்றது.

"முன்னாடி மாத்தினப்பல்லாம் கருப்பா ஒழுகும். இது என்ன, கோந்து மாதிரி?"

வேன்காரன் ஃபில்டர் பொருத்துவதில் மும்முரமானான்.

மொறுமொறு முந்திக்கொண்டான். "டீசல்ல கலப்படம்க்கா! பங்க்ல என்னத்தையோ கலக்குறானுங்க. இந்தக் காலத்துல எவனையும் நம்ப முடியல."

அவள் குனிந்து முகர்ந்தாள். "டீசல் வாசமே தூக்கலா இல்லையேடா. உன் கடை வாசம்தான் குப்புனு வருது." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க?"

ஒரே சொல்தான். வேன்காரனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவனுக்குக் கிடையாது.

"நீல மூடி கேனு" என்றான். "வடிகட்டினதை இவனுக்குத் திருப்பிக் குடுத்தேன். கடைக்கு. ரொம்ப நாளா. அதுலயே பொரிச்சு, அதையே திரும்பக் குடுப்பான். நான் திரும்ப வடிகட்டுவேன்."

"என் ஜீன்ஸ்ல?"

"உன் ஜீன்ஸ்லதான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டிக்குள் ஏறி, பெட்டியைத் திறந்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"சாப்பிடு."

"இப்ப எதுக்குக்கா..."

"சாப்பிடுடா. உன் கடைப் பண்டம்தானே?"

"வேணாம்க்கா. எனக்கு ஒத்துக்க மாட்டேங்குது. நெஞ்சு கரிக்குது."

"எப்பத்திலேர்ந்து?"

 எப்போதிலிருந்து என்று மொறுமொறுவுக்கே அப்போதுதான் உறைத்தது. வேன்காரனுக்கும் உறைத்தது. இருவரும் நீல மூடியைத்தான் நினைத்தார்கள்.

"எண்ணெய் தெளிவாத்தான் இருந்துச்சு" என்றான் வேன்காரன், கடைசி நூலைப் பிடித்துக்கொண்டு. "தம்ளர்ல எழுத்து தெரிஞ்சுது. நானே பாத்தேன்."

"எழுத்து தெரிஞ்சா படிக்கலாங்க. திங்கலாம்னு யாரு சொன்னது?" அவள் ஃபில்டரைக் காட்டினாள். "ஜீன்ஸ்ல தங்குறது கசடு. எண்ணெயிலேயே கலந்து போனது எந்தத் துணியில தங்கும்? எதைக் குடுத்தாலும் குடிக்கிற இந்தத் தும்மலே வேணாம்னு துப்பிடுச்சு. துப்பத் தெரியாத பிள்ளைங்களுக்குப் பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போறீங்க. அதுல நம்ம பொண்ணும் ஒருத்தி."

வண்டிக்குள்ளிருந்து சிப்ஸ் வாசனை கமகமவென்று வந்துகொண்டிருந்தது. அதுதான் கொடுமை. வாசனைக்கு ஒரு குறையும் இல்லை.

வேன்காரன் கையை மண்ணில் தேய்த்து, துணியில் துடைத்து, போனை எடுத்தான். மொறுமொறு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். நாளையிலேர்ந்து புது எண்ணெய்தான். சத்தியமா. இப்பப் போய் சொன்னீங்கன்னா கேன்டீன் போகும். கடையும் போகும் மாமா. இந்தத் தெருவுல எவன் வாங்குவான்?"

"கடை போனா திரும்பத் தொறக்கலாம் மாப்ள."

"உங்க பேரும்தான் போகும்."

"போகட்டும். வித்தைக்காரன்னு நீ வச்ச பேருதானே."

விளையாட்டு வாத்தியார் போனை எடுத்தார். பின்னால் பிள்ளைகள் கூச்சலும் விசில் சத்தமும். "எங்கப்பா இருக்கீங்க? ஓட்டம் முடியப் போவுது."

"சார், சிப்ஸ் வராது."

"ஏன், வண்டி ரிப்பேரா?"

வாத்தியாரே வழியைத் திறந்து வைத்துவிட்டார். 'ஆமா சார்' என்று ஒரு வார்த்தை போதும். பொய்கூட இல்லை. வண்டி நின்றுதானே கிடக்கிறது? மொறுமொறுவின் முகம் மலர்ந்தது. சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினான். வேன்காரன் மனைவியைப் பார்த்தான். அவள் கழுத்து நாடாவைச் சுருட்டிக்கொண்டு, இவனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியும் ரிப்பேர்தான் சார். ஆனா காரணம் அது இல்ல. எண்ணெய் கெட்டது. பல தடவை காய்ஞ்ச எண்ணெய். பாக்க நல்லா இருக்கும்படி நான்தான் வடிகட்டிக் குடுத்தேன். பிள்ளைங்க திங்கக் கூடாது சார்."

வாத்தியார் மெதுவாகச் சொன்னார். "இதைப் பத்தி உங்க ரெண்டு பேர்கிட்டயும் நிறைய பேச வேண்டியிருக்கு. அது அப்புறம். இப்ப ஓடிக் களைச்சு வர்ற பிள்ளைங்களுக்கு நான் என்னத்தைக் குடுப்பேன்?"

பதில் வந்தது மொறுமொறுவிடமிருந்து. அதுவரை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவன் எழுந்து போனுக்குள் கத்தினான்.

"சார், உருளைக்கிழங்கு இருக்கு சார்! கடையில மூட்டை மூட்டையா கிடக்கு. பள்ளிக்கூடத்துல பெரிய அண்டா இருக்கில்ல? தண்ணி மட்டும் கொதிக்க வைங்க. நான் வந்து அவிச்சுத் தரேன். காசு வேணாம் சார்."

"ஒரு சொட்டு எண்ணெய் சேரக்கூடாது."

"சத்தியமா தண்ணி சார். தண்ணிய நான் வடிகட்டக்கூட மாட்டேன்."

தன்னை மீறி வேன்காரன் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு வண்டியைச் சுற்றியிருந்த இறுக்கம் தளர்ந்தது. அவள் ஸ்கூட்டரில் போய்க் கேனில் சுத்த டீசல் வாங்கி வந்தாள். தும்மல் தும்மாமலேயே கிளம்பியது. பொட்டலங்களை ஒன்று விடாமல் கொட்டி அழித்தார்கள். மொறுமொறு கண்ணை மூடிக்கொண்டுதான் கொட்டினான். பிறகு கடைக்குத் திரும்பி உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றினார்கள்.

பள்ளியில் அண்டாவிலிருந்து ஆவி பறந்தது. தோல் உரித்த கிழங்கு, மேலே கொஞ்சம் வெண்ணெய், உப்பு, மிளகுத்தூள். பிள்ளைகள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள். ஓடிய பசி மூக்கைச் சுளிக்க நேரம் தராது. வரிசை நீண்டது. வாங்கியவர்களே மறுபடி கடைசியில் போய் நின்றார்கள். தோல் உரித்தே மொறுமொறுவின் விரல் வெந்துபோனது.

வேன்காரன் மகள் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த மெடலோடு வந்து நின்றாள். கிழங்கை ஒரு கடி கடித்தாள்.

"மாமா, இது ஏன் மொறுமொறுன்னே இல்ல?"

"மாமா திருந்திட்டேன் செல்லம்."

"ஜெயிலுக்குப் போனவன்கூட இப்படித் திருந்த மாட்டான்" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தான் வேன்காரன்.

விளையாட்டு வாத்தியார் வந்தார். கேன்டீன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நாளைக்கு உங்க கடைக்கு வரேன். நாளன்னிக்கும் வரேன். சொல்லாம கொள்ளாம எப்ப வேணா வருவேன். சட்டியைத்தான் பாப்பேன்" என்றார். ஒரு கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். திட்டியவர் சாப்பிட்டதே மொறுமொறுவுக்குப் பாதி உயிரைத் திருப்பிக் கொடுத்தது.

செய்தி தெருவுக்கு வர நேரமாகவில்லை. சில நாள் கடை ஈ ஓட்டியது. வந்தவர்களிடம் மொறுமொறு எதையும் மறைக்கவில்லை. "தப்பு பண்ணினேன். இப்ப இல்ல. நம்பாட்டி உள்ள வந்து பாருங்க" என்று சட்டியைக் காட்டினான். சிலர் திட்டிவிட்டுப் போனார்கள். சிலர் எட்டிப் பார்த்துவிட்டு வாங்கினார்கள். அவனுக்கு நெஞ்செரிச்சல் நின்றது. இப்போது தன் சிப்ஸைத் தானே தின்கிறான். அதுவே கடைக்கு நல்ல விளம்பரமாகிவிட்டது.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு. கொடியில் மறுபடி நான்கு ஜீன்ஸ் கால்கள். மொறுமொறு சிவப்பு மூடிக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். நீல மூடி கண்ணில் படவில்லை. தையல்காரி கேனைத் திறந்து முகர்ந்தாள். டீசல் வாசனை சுரீரென்று ஏறியது. திருப்தியாக மூடினாள்.

அது அவள் போட்ட சட்டம். பொரித்து முடித்த எண்ணெய் கடையை விட்டுக் கிளம்பும் முன்பே அதில் ஒரு குவளை டீசல் ஊற்றிவிட வேண்டும். எப்படியும் வண்டிக்கு டீசலோடுதானே கலக்கப் போகிறது? முன்பு வடிகட்டி, சுட வைத்த பிறகு கலந்ததை இப்போது முதலிலேயே கலக்கிறார்கள். அவ்வளவுதான்.

"டீசல் கலந்ததை அடுப்புல வைக்கக் கூடாதே. தண்ணியை எப்படி எடுக்குறது?" என்று வேன்காரன் கேட்டிருந்தான்.

"ஒரு வாரம் வச்சதை மூணு வாரம் வைங்க. தண்ணி தானா அடியில இறங்கும். உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தியாச்சே" என்று முடித்துவிட்டாள்.

மாடிவீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "என்னம்மா, புருஷன் மேலயும் தம்பி மேலயும் அவ்வளவு சந்தேகமா? நல்லா இருந்த எண்ணெயில டீசலை ஊத்தி வச்சிருக்க?"

"சந்தேகம் இல்லம்மா. இவங்க ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஆனா எண்ணெய் தெளிஞ்சு பளபளன்னு நின்னா நல்லவனுக்கும் ஆசை வரும். அதான் ஆசை வர்றதுக்கு முன்னாடியே ஒரு குவளை."

வேன்காரன் வழக்கம்போல் வடிந்த எண்ணெயைத் தம்ளரில் ஊற்றிச் செய்தித்தாளுக்கு முன்னால் பிடித்தான். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. பழைய பெருமை லேசாக எட்டிப் பார்த்தது. அதற்குள் அவள் தம்ளரை வாங்கிவிட்டாள்.

"கண்ணுக்குத் தெளிஞ்சதெல்லாம் வயித்துக்கு நல்லது ஆகாதுங்க" என்றாள். "ஒரு தடவை கழிச்ச எண்ணெய் வண்டிக்குப் போகலாம். சாக்கடைக்குப் போகக் கூடாது. சட்டிக்குத் திரும்பவே கூடாது."

வேன்காரன் தலையாட்டினான். மொறுமொறு இரண்டு தடவை ஆட்டினான். பின்பக்கத்தில் தும்மலும் ஆமாம் என்பதுபோல நின்றுகொண்டிருந்தது.